நடுக்கை

காட்டில் நின்ற கண்வலிச் செடிகளெல்லாம் கசப்பை உண்டாக்கும் வேலையை விட்டுவிட்ட அந்த வருஷம், விட்ட வேலை வீணாகப் போகாமல் கருப்பணவலசுப் பெண்கள் மூன்று பேரின் கைக்கு வந்து சேர்ந்தது. அப்படி வந்து சேர்ந்த வேலையில் துளசிமணிக்கு வாய்த்தது முதல் பங்கும் இல்லை, கடைசிப் பங்கும் இல்லை, நடுப்பங்கு.

செங்காந்தளைத்தான் அந்தப் பக்கம் கண்வலி என்பார்கள். வண்டு வந்து தொடட்டும் என்று காத்திருந்தால் காய் பிடிக்காது என்பதால், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விடிந்ததும் பெண்கள் கம்பிப் பந்தலுக்குள் இறங்கி, ஒரு பூவின் மகரந்தத்தை விரலில் எடுத்து இன்னொரு பூவில் தொட்டுவைத்து, வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடுவார்கள். காய் முற்றி வெடித்தால் உள்ளே சிவந்த விதை. விதைக்குள் கசப்பு. அந்தக் கசப்பு ஒரு கை அளவு போனால் ஆளைக் கொல்லும், கடுகளவு போனால் கால்விரல் வீங்கித் துடிப்பவனுக்கு மருந்தாகும் என்று வெளிநாட்டுக்காரன் வாங்கிக்கொண்டு போனான். ஊர் அதில் ஓட்டு வீட்டைத் தார்சு வீடாக்கிக்கொண்டது.

அந்தத் தை மாதம் விதை வாங்கும் கம்பெனியிலிருந்து ஜெயசீலன் வந்து, வழக்கம்போல நாலு விதையை நுணுக்கிக் கண்ணாடிக் குழாயில் போட்டு மருந்தை ஊற்றிப் பார்த்தார். வர வேண்டிய நிறம் வரவில்லை. அடுத்த காட்டு விதையிலும் வரவில்லை. கடைசியில் ஒரு விதையை எடுத்துத் தன் வாயிலேயே போட்டு மென்றார்.

"கசப்பே இல்லீங்க. இது வெறும் விதை" என்றார்.

கசப்பில்லாத விதை கோழிக்காவது ஆகட்டும் என்று, களத்து மேட்டில் மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயை உடைத்தார்கள். சாமியாத்தாள் உடைத்து ஒரு பிடி எடுத்துக் கொடுக்க, துளசிமணி அதை வாங்கித் தோலை நீக்கி அடுத்த கையில் கொடுக்க, அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் சென்னியப்பனுக்குப் போன ஆவணியில் வாழ்க்கைப்பட்டு வந்த பூங்கோதை, அதை வாங்கிக் கூடையில் போட்டாள். கூடையில் வாய் வைத்த கோழிகள் ஐந்தும் உச்சி வெயில் சாய்வதற்குள் கழுத்தை மடித்துச் செத்தன. சாமியாத்தாளின் முறத்தில் கொத்திய கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்த ஐந்தும் சாமியாத்தாளுடையவை. அவள் மடியில் போட்டுக்கொண்டு அழ அழ, ஊர் அவளைச் சுற்றி நின்று சந்தோஷத்தில் கூவியது.

ஜெயசீலன் மறுபடி வந்தார். அவர் ஆச்சரியப்படவில்லை, பெருமூச்சு விட்டுவிட்டுப் புழுதியில் குந்தி உட்கார்ந்து குச்சியால் கோடு போட்டார்.

"செடிக்குள்ள நொதின்னு ஒண்ணு இருக்கு. ஒண்ணில்ல, வரிசையா பல நொதி. ஒவ்வொண்ணுக்கும் ஒரே வேலை. தனக்குன்னு இயற்கையா அமைஞ்ச ஒரு பொருளைத்தான் அது தொடும், வேற எதைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. முன்னால இருக்கறது செஞ்சு குடுத்ததை வாங்கும், தன் வேலையை முடிக்கும், பின்னால இருக்கறதுகிட்டக் குடுத்துரும். கடைசியாத்தான் கசப்பு. செடி அந்த வேலையை விட்டுட்டுது. உங்க கை எடுத்துக்கிச்சு."

"அப்ப நாங்க மூணு பேரும் செடியாயிட்டமாக்கும்?" என்றாள் சாமியாத்தாள்.

"செடி இல்லீங்கம்மா. செடிக்குள்ள இருக்கற கை."

"இத்தனை வருசம் மாடாட்டம் இருந்தேன், இப்பச் செடி. பரவால்ல போ, செடிக்குச் சோறாக்கற வேலை இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சாமியாத்தாள் பிடித்துக் கொடுத்த விதை, இடித்த வேப்பம்பட்டையைப் போல மணத்தது. அது அவள் வேலை என்று மூக்குள்ள யாருக்கும் தெரிந்தது. பூங்கோதையின் கையிலிருந்து விழுந்த விதை கசந்தது. அது அவள் வேலை என்று கோழிக்கும் தெரிந்தது.

"என்ற வேலை என்னங்க?" என்று கேட்டாள் துளசிமணி.

ஜெயசீலன் புழுதியில் ஆறு மூலை வைத்து ஒரு வளையம் போட்டார். பக்கத்தில் ஏழு மூலை வைத்து இன்னொன்று போட்டார். "இது உங்க கையில அதுவா மாறுது. ஒரு மூலை கூடுது. அது கூடலைன்னா மேற்கொண்டு ஒண்ணும் நடக்காது."

"பார்த்தாத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க" என்றார் அவர், குச்சியைத் தூர எறிந்துவிட்டு.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஊர் ஒரு வாரத்துக்குள் எல்லாவற்றையும் தன் வழக்கத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. களத்தில் தகரக் கொட்டகை போட்டார்கள். மூன்று பாய் விரித்தார்கள். எந்தக் காட்டு விதை எந்த நாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். தட்டில் வைத்துக் கொடுத்தால் ஆகவில்லை, துணியில் ஆகவில்லை; கொடுக்கிறவள் மூடிய கையைக் கவிழ்த்து வாங்குகிறவளின் உள்ளங்கைமேல் வைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது, அதுவும் மூன்று மூச்சுக்குள், தாமதித்தால் விதை பதராகிவிடும் என்று ஜெயசீலன் சொல்லியிருந்தார். மூன்று பேரில் ஒருத்தி எழவுக்குப் போனால் மற்ற இருவர் அன்று துணி துவைத்துக்கொள்ளலாம் என்றானது. எழவு வைத்திருக்கிறவர்களும் கொஞ்சம் யோசித்தே சொல்லி அனுப்பினார்கள். மாசிப் பொங்கலில் அங்காளம்மன் கோயில் திருநீறு முதலில் மூன்று கைக்கும், பிறகுதான் ஊர்க்கவுண்டருக்கு என்று தீர்மானமானது. பூசாரி சாமியாத்தாளுக்குக் கொடுத்துவிட்டுப் பூங்கோதையைப் பார்த்துக்கொண்டே நடுவில் ஒரு சிட்டிகையை எங்கோ போட்டுவிட்டுப் போனார், அது துளசிமணியின் கையில் பாதியும் தரையில் பாதியும் விழுந்தது.

எல்லோரும் பூங்கோதையைத்தான் பார்த்தார்கள். தாராபுரத்திலிருந்து பத்திரிகைக்காரன் வந்து அவள் கையைப் படம் பிடித்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்டு வந்து அவள் பத்து விரலையும் தனித்தனியாகப் பார்த்து எழுதிக்கொண்டு போனான். தையல்காரர் அவள் வேலையில்லாத நேரத்தில் போட்டுக்கொள்ளப் பச்சைப் பட்டில் கையுறை தைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் அவள் ஏறினால் கிழவிகள்கூட எழுந்தார்கள். துளசிமணி கொட்டகையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே ஒரு பிடியை வாங்கி ஒரு பிடியைக் கொடுத்தாள், வாங்கினாள், கொடுத்தாள், வாங்கினாள், கொடுத்தாள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை விளையாட்டாக்கிவிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்து கூழாங்கல் மாற்றுவார்கள். முதல் ஆளுக்கு 'வாசக் கை' என்று பெயர், கடைசி ஆளுக்குக் 'கசப்புக் கை'. நடுவில் உட்கார யாருக்கும் இஷ்டமில்லை; தோற்றவன்தான் உட்கார வேண்டும். அவன் பெயர் 'சும்மாக் கை'.

அந்தப் பெயர் பிள்ளைகளிடமிருந்து பெரியவர்களிடம் வந்தது. மளிகைக் கடையில் சீயக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருத்தி, "எந்தத் துளசிமணி?" என்று கேட்டதற்கு, "அதாம் புள்ள, சும்மாக்கை" என்று இன்னொருத்தி சொன்னதை அவளே கேட்டாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊரில் செல்லமுத்துக் கவுண்டன் வீட்டுக்காரி, பெரிய வீட்டு மூத்த மருமகள் என்று இருந்தவள், பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்து, அன்று சோற்றில் உப்புப் போடவில்லை.

"ஏனுங், நான் ஒண்ணும் செய்யறதில்லைன்னு நீங்களும் நெனைக்கிறீங்களா?" என்று புருஷனைக் கேட்டாள்.

செல்லமுத்து நல்லவர். சோற்றில் உப்பு இல்லாததைக்கூட அவர் சொல்லவில்லை. "அட, அப்படி ஆர் சொன்னா? குழாய் இல்லாமத் தண்ணி வருமா?" என்றார்.

குழாய். அவள் அந்த வார்த்தையைத் தாலிக்கயிற்றில் முடிந்து வைத்ததுபோல மாரோடு வைத்துக்கொண்டு திரிந்தாள். பங்குனியில் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தபோது, சாமியாத்தாளின் கையிலிருந்து நேராகப் பூங்கோதையின் கைக்குப் போட்டுப் பார்த்தார்கள். பூங்கோதையின் கை அதைத் தொடவே இல்லை, விதை வெறும் விதையாகக் கீழே விழுந்தது. போர்வைக்குள் படுத்துக்கொண்டு இதைக் கேட்ட துளசிமணிக்கு அந்த மூன்று நாளும் காய்ச்சலே ஒரு சுகமாக இருந்தது. எழுந்து போனபோது, "பாவம், அக்கா இல்லாம பூங்கோதைக்கு மனசு சரியில்ல, கையே ஓடல" என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பூங்கோதையின் முகம் பிடிக்காமல் போனது. பிறகு அந்தக் கைகள் பிடிக்காமல் போயின. குறிப்பாக ஒன்று பிடிக்கவில்லை: துளசிமணி கையைக் கவிழ்த்து விதையைப் போட்டுவிட்டு எடுக்கும்போதெல்லாம், பூங்கோதை தன் உள்ளங்கையை ஒரு கணம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மூடினாள். பிடி குறைகிறதா என்று பார்க்கிறாள், என்னைச் சோதிக்கிறாள் என்று துளசிமணி நினைத்தாள். ஒரு நாளைக்கு நானூறு பிடி. நானூறு தடவை குனிந்து பார்த்தாள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் மத்தியானம் பூங்கோதையின் விரல்கள் மடங்கிக்கொண்டு விரியவில்லை. அப்போது அங்கே இருந்த ஜெயசீலன் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முடிஞ்ச விதையை அவங்க பக்கத்துலயே குவிச்சு வெச்சிருக்கீங்களே. செடிக்குள்ளயும் இப்படித்தான். கசந்த சரக்கு கையிலயே நின்னுட்டா, போதும்னு நொதி வேலையை நிறுத்திக்கும். தூரமாக் கொண்டுபோய் வைங்க." குவியலைத் தூக்கிக் கொண்டுபோனார்கள். விரல்கள் விரிந்தன. அன்றிலிருந்து கசந்த விதையை உடனுக்குடன் எடுத்துக்கொண்டு போக ஆள் போட்டார்கள்.

துளசிமணி அதைக் கேட்டுக்கொண்டாள்.

கண்வலி போடும் எந்த வீட்டிலும் போன வருஷத்து விதை ஒரு பிடி துணியில் முடிந்து கிடக்கும்; புது வியாபாரி வந்தால் காட்டுவதற்கு. துளசிமணியின் வீட்டில் அது அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. செடி தானே கசப்பை உண்டாக்கிய காலத்து விதை, முழுக் கசப்பு. கம்பெனி லாரி விதை ஏற்ற வர வேண்டிய நாளன்று காலையில் அவள் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, அந்த முடிச்சைத் தளர்த்தி இடுப்பில் செருகிக்கொண்டு களத்துக்குப் போனாள்.

முதல் பிடியில் பழைய விதை நான்கு கலந்தாள். பூங்கோதை வாங்கினாள், குனிந்து பார்த்தாள், மூடினாள், போட்டாள். இரண்டாவதில் பத்து. மூன்றாவதில் அதற்கும் மேல். நான்காவது பிடியை வாங்கும்போது பூங்கோதை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். என்ன பார்வை என்று துளசிமணிக்குப் புரியவில்லை. ஆனாலும் அவள் கை நீண்டது, வாங்கியது, மூடியது. மூடிய கை மூடியபடியே நின்றுவிட்டது. இன்னொரு கையும் தானாக மூடிக்கொண்டது.

"அக்கா, தெறக்க மாட்டேங்குது."

சாமியாத்தாள் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "கருங்கல்லாட்டம் இருக்குதே! அடி ஆராச்சும் வாங்களே!" ஊரே வந்தது. சென்னியப்பன் பெண்டாட்டியைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டான். ஒருத்தி விளக்கெண்ணெய் காய்ச்ச ஓடினாள், ஒருவர் கோயிலுக்கு ஓடினார், ஜெயசீலனுக்குப் போன் போட்டார்கள், லாரிக்காரனை மூலனூரிலேயே நிற்கச் சொன்னார்கள். கூட்டம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பூங்கோதைக்குப் பின்னால் போனது. சாமியாத்தாளும் போனாள்.

கொட்டகையில் துளசிமணி மட்டும் இருந்தாள். நெஞ்சுக்குள் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டதுபோல ஒரு குளிர்ச்சி. நானூறு தடவை குனிந்து பார்த்தாயே, இப்போது பார், என்று நினைத்தாள். பிறகுதான் தன் வலது கை இன்னும் மூடியிருப்பது தெரிந்தது. சாமியாத்தாள் கடைசியாகக் கொடுத்த ஐந்தாவது பிடி, கொடுக்க ஆளில்லாமல் கையிலேயே நின்றுவிட்டது. அதில் பழைய விதை இல்லை; கலக்க நேரமில்லாமல் போய்விட்டது. மூன்று மூச்சு கடந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. பதராகியிருக்கும், கொட்டிவிடலாம் என்று கையைத் திருப்பித் திறந்தாள்.

விதைகள் கற்கண்டைப் போலத் தெளிந்திருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் இளம்பச்சையில் ஒரு வெளிச்சம் நின்றது, செங்காந்தள் மொட்டு விரியும் முதல் நாள் காலையில் இதழுக்கு இருக்குமே அந்தப் பச்சை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து மஞ்சள் ஏறியது. பூ ஏழு நாள் எடுத்துக்கொண்டு மாறும் நிறங்களை, அவசரமில்லாமல், ஆனால் அவள் மூச்சுக்கு ஒன்றாக, அந்த விதைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடுத்திக்கொண்டன. இத்தனை மாதமாகக் கவிழ்த்த கைக்குள் இருந்தது இதுதான். இதுதான் அந்த ஏழாவது மூலை.

'எல்லாரும் வந்து பாருங்க' என்று கத்த வாயைத் திறந்தாள். களத்தில் ஒரு குருவிகூட இல்லை. ஊர் முழுவதும் பூங்கோதையின் வீட்டு வாசலில் நின்றது.

கையை மூடிக்கொண்டு ஓடினாள். நாற்பத்து மூன்று வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வடக்கு வீதியில் ஓடினாள். வாசலில் கூட்டம் வழிவிடவில்லை. "இங்க பாருங்க, என்ற கையைப் பாருங்க" என்றாள். "அட, சித்தெ இரு தாயி, அந்தப் புள்ள கையே போச்சாட்ட இருக்குது" என்று ஒருவர் தோளால் தள்ளினார். செல்லமுத்து திரும்பிப் பார்த்து, "நீ எங்க போயிட்டே? போய்ச் சுடுதண்ணி வை" என்றார். இடுக்கில் அவள் கையைத் தூக்கித் திறந்தாள். ஒரே ஒரு கணம் சிவப்பு, பூவின் கடைசி நாள் சிவப்பு, அது அவள் முகத்தை நோக்கித்தான் இருந்தது. மற்றவர்கள் திரும்பியபோது உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் பதர் கிடந்தது.

"சரக்கைக் கெடுத்துட்டுச் சும்மாக்கை வந்து நிக்கறதைப் பாரு" என்றது ஒரு குரல்.

அவள் சுடுதண்ணீர் வைத்தாள். அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது, விளக்கெண்ணெய் பூசி வெள்ளைத் துணி சுற்றிய இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பூங்கோதை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கூட இருந்தவர்களை, "எல்லாரும் சித்தெ வெளிய போங்க, மூச்சு முட்டுது, அக்கா இருக்கட்டும்" என்று அனுப்பினாள். கதவு சாத்தியதும் கேட்டாள்.

"செவப்பு வரைக்கும் வந்துச்சாக்கா?"

துளசிமணி செம்போடு கட்டிலோரம் வந்து குனிந்தாள். "உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குப் பச்சை தெரியும். மஞ்சள் ஒரு கீத்துத் தெரியும். பூவாட்டம்னா அப்பறம் செவப்புத்தானே? அதுக்குள்ள என்ற கை மூடிக்கும், தொறந்தா வெறுங் கசப்பு." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். "பதரைக் கையில வெச்சுட்டு வந்தீங்கன்னு வெளிய பேசுனாங்க. அப்ப முழுசாப் பார்த்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"இத்தனை நாளா தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொன்னயாடி?"

"எதுக்குச் சொல்லோணும்? சொன்னா ஊரே உங்க கையைத்தான் வந்து பார்க்கும். எனக்கு என்ன இருக்குது, கோழி சாகற கசப்பு. நீங்க குடுக்கற அத்தனையும் நான் தொட்டுத்தான் கெட்டுப் போகுது, தெனம் நானூறு தடவை அதைப் பார்த்துட்டு உக்காந்திருக்கறேன்." அவள் குரல் சிறு பெண்ணின் குரலாகிவிட்டது. இருபத்திரண்டு வயதுதான் அவளுக்கு. "வயிறெரியுங்கக்கா."

துளசிமணி செம்பைக் கீழே வைத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"பழசை நான் கலந்தது…"

"மொதப் பிடியிலயே தெரியும். அந்த நாலு விதையில மட்டும் வெளிச்சமில்ல."

"தெரிஞ்சுட்டே எதுக்கு வாங்குனே? கையை இழுத்துக்க வேண்டியதுதானே?"

"இழுத்துட்டா மஞ்சள் தெரியாதில்ல" என்றாள் பூங்கோதை.

வெளியே யாரோ ஜெயசீலன் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். பூங்கோதை அவசரமாகத் தலையை நீட்டி, குசுகுசுவென்று கேட்டாள்: "ஊருக்குக் காட்டிருவீங்களா?"

"காட்டுவேன். காட்டாம?" என்றாள் துளசிமணி.

மூன்றாம் நாள் பூங்கோதையின் கை திறந்தது. கழுவிவிட்டார்கள். அங்காளம்மனுக்குக் கிடாய் வெட்டினார்கள். மறுபடி மூன்று பாய் விரிந்தன. ஊர் பூங்கோதையை முன்னைவிட அதிகமாகத் தாங்கியது. துளசிமணிக்குக் காட்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. மூடிய கையை நாலு பேர் நடுவில் திருப்பித் திறந்தால் தீர்ந்தது. நாளைக்குக் காட்டலாம் என்று நினைத்தாள். சாமியாத்தாள் கொடுத்தாள், அவள் வாங்கினாள், கவிழ்த்துக் கொடுத்தாள்; கொடுத்துவிட்டு இந்த முறை கையைப் பார்க்காமல், குனிந்த பூங்கோதையின் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணின் கருமணியில் பச்சை ஏறி, மஞ்சள் தொட்டு, அணைந்தது. அடுத்த பிடிக்கும் பார்த்தாள். நானூறு பிடிக்கும் பார்த்தாள். மறுநாள் நாலு பேர் நடுவில் கையைத் திருப்பலாம் என்று நினைத்தபோது, மளிகைக் கடையில் நின்றவளும், தோளால் தள்ளியவரும், பத்திரிகைக்காரனும் அதை முண்டியடித்துப் பார்ப்பதை எண்ணிப் பார்த்தாள். அவர்களுக்கு அதைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகள் கொட்டகைக்கு வெளியே கூழாங்கல் மாற்றிக்கொண்டிருந்தார்கள். "நீதாண்டா சும்மாக் கை, நடுவுல உக்காரு" என்று ஒருவன் கத்தினான். துளசிமணி வாய்க்குள் சிரித்துக்கொண்டாள்.

"ஏன்டி சிரிக்கறே?" என்றாள் சாமியாத்தாள், அடுத்த பிடியை அவள் கையில் போட்டபடி. "மணம் அதிகமாயிருச்சா?"

பூங்கோதை தன் வெறும் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அன்றும், மறுநாளும், விதை தீரும்வரை எல்லா நாளும் அவள் அதே கேள்வியைத்தான், உதடு அசையாமல், பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"செவப்பு எப்படிங்கக்கா இருந்துச்சு?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள் துளசிமணி, மூடிய கையை அவள் உள்ளங்கைமேல் கவிழ்த்து, கண்ணை எடுக்காமல்.